முப்பதாம் நாளுக்குப் பின்



பொன்விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று விழாக் குழுவினர் நம்மிடம் கேட்டபோது, நம் ஆலயத்தின் வரலாற்றை எழுதித் தருவோம் என்றே எதிர்பார்த்திருப்பார்கள். அடிக்கல் நாட்டிய நாளும், மணிக்கூண்டு எழுந்த ஆண்டும், இங்கே பணியாற்றிச் சென்ற பங்குத் தந்தையரின் வரிசையும் இம்மலரின் மற்றப் பக்கங்களில் உள்ளன. நாம் வேறொரு வரலாற்றை எடுத்துக்கொண்டோம். ஆப்பிரிக்கக் கண்டத்து உகாண்டா நாட்டில், மசாக்கா என்னும் மறைமாவட்டத்தில், ஏழைக் குடும்பங்கள் வறுமையையும் சாவையும் ஒரே சமயத்தில் சந்தித்த வரலாறு அது. அக்குடும்பங்களை யார் தாங்கினார்கள், எப்படித் தாங்கினார்கள் என்பதே நமது பொருள்.

கடல் கடந்த கதை நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணங்கள் இரண்டு. நம் பங்கில் வாரந்தோறும் கூடுகின்ற அன்பியங்களுக்கும் ஆப்பிரிக்க மண்ணுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இது முதற் காரணம். இரண்டாவது காரணம் நம் சொந்தக் குறை. அதைக் கட்டுரையின் இறுதியில் சொல்லுவோம்.

மசாக்கா மண்

உகாண்டா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவோர் புனித சார்லஸ் லுவாங்காவும் அவர் தோழர்களும் ஆவர். குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்த நாட்களில் நாமும் அவர்களைப் பற்றியே படித்தோம். 1879-ம் ஆண்டு அந்நாட்டில் முதற் கத்தோலிக்கக் குருவானவர் கால் வைத்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1886 ஜூன் 3-ம் நாள், நமுகொங்கோ என்னுமிடத்தில் இளைஞர்கள் தீயில் எரிக்கப்பட்டு மறைசாட்சிகள் ஆனார்கள். கத்தோலிக்க மறைசாட்சிகள் 22 பேரையும் 1964-ம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

இவ்வரலாற்றில் பலரும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. 1882 முதல் 1885 வரை குருக்கள் அனைவரும் அந்நாட்டை விட்டு வெளியேறியிருந்தார்கள். அந்த ஆண்டுகளில் பூசை கிடையாது, பாவசங்கீர்த்தனம் கிடையாது. விசுவாசிகளே ஒருவர் வீட்டில் ஒருவர் கூடிச் செபித்து, ஒருவருக்கொருவர் மறைக்கல்வி சொல்லிக் கொடுத்து விசுவாசத்தைக் காத்தார்கள். குருக்கள் திரும்பி வந்தபோது திருச்சபை அங்கே உயிரோடு இருந்தது.

மசாக்கா இந்த மரபில் வந்த மண்ணாகும். 1939 அக்டோபர் 29-ம் நாள் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் உரோமையில் ஆயராகத் திருநிலைப்படுத்திய யோசேப்பு கிவானுக்கா அவர்களிடம் இப்பகுதி ஒப்படைக்கப்பட்டது. இக்காலத்தில் ஆப்பிரிக்கக் கறுப்பின மக்களிலிருந்து ஆயரான முதல்வர் அவரே.

விக்டோரியா ஏரிக்கு மேற்கே, பூமத்திய ரேகையை ஒட்டி அமைந்த பசுமையான நாடு அது. வீட்டைச் சுற்றி வாழைத் தோட்டம், வாழைக்கு நடுவே காப்பிச் செடி. வாழைக்காயை இலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்துப் பிசைந்து உண்பார்கள். மட்டோக்கே என்னும் இதுவே அவர்களுடைய சோறு. காப்பியை விற்ற பணம் துணிமணிக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்கும் ஆகும். வளமான மண்ணில் மனிதர்கள் மட்டும் நிம்மதியாக வாழ முடியவில்லை. 1971-ல் இடி அமீன் ஆட்சியைப் பிடித்தார். 1979-ல் தான்சானியப் படைகள் அவரை விரட்டிக்கொண்டு வந்தபோது மசாக்கா நகரத்தின் பெரும்பகுதி இடிந்து மண்ணானது. பின்னும் 1986 வரை உள்நாட்டுப் போர். கடைகள் மூடின, மருந்தகங்கள் வெறுமையாயின. போதாக்குறைக்கு 1989-ல் உலகக் காப்பி ஒப்பந்தம் முறிந்து காப்பி விலை வீழ்ந்தது. நாம் சொல்லப்போகும் நோய் இத்தகைய வீடுகளுக்குள்தான் புகுந்தது.

கோடித் துணியும் மபுகோவும்

நோயைச் சொல்லுமுன் அம்மக்களின் துக்க முறையைச் சொல்ல வேண்டும். அங்கே மூத்துபா என்றொரு மரம் உண்டு. அத்தி இனத்தைச் சேர்ந்தது. அதன் பட்டையை உரித்து, மரச் சுத்தியலால் தட்டித் தட்டி, செங்கல் நிறத்தில் அகலமான துணியாக ஆக்குவார்கள். இறந்தோரை அந்த மரவுரியில் சுற்றி அடக்கம் செய்வது வழக்கம். சாவு விழுந்த வீட்டுக்கு உறவினரும் அயலாரும் ஆளுக்கொரு மரவுரி கொண்டுவருவார்கள். நம் ஊரில் உறவின்முறையார் கோடித் துணி கொண்டுவருவதில்லையா, அதைப் போன்றதே. காலப்போக்கில் துணிக்குப் பதில் பணம் கொடுக்கலானார்கள். ஆனால் அந்தப் பணத்துக்கும் மரவுரியின் பெயரே நிலைத்தது. அதை மபுகோ என்கிறார்கள்.

அடக்கம் முடியும்வரை ஊரார் தோட்ட வேலைக்குப் போவதில்லை. ஆண்கள் குழி வெட்டுவார்கள். பெண்கள் விறகும் தண்ணீரும் வாழைத்தாரும் சுமந்து வருவார்கள். துக்க வீட்டில் இரவு தங்கி, வீட்டாருக்குத் துணையாகப் படுத்துக்கொள்வார்கள். இவற்றோடு முன்னோ முகாபி என்னும் சங்கங்களும் கிராமந்தோறும் இருந்தன. ‘ஆபத்தில் நண்பன்’ என்பது அச்சொல்லின் பொருள். பெரும்பாலும் பெண்கள் நடத்துவது. அண்டா, குண்டான், தட்டுகளைப் பொதுவில் வாங்கி வைப்பார்கள். உறுப்பினர் வீட்டில் துக்கமென்றால் பாத்திரம் போகும், ஆளுக்குக் கொஞ்சம் உணவுப் பொருள் போகும், சிறு தொகையும் போகும். வங்கியில்லை, கட்டடமில்லை, தலைமை அலுவலகமில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையுமே மூலதனம்.

சிலிமு

1982-ம் ஆண்டளவில் மசாக்காவுக்குத் தெற்கே, ரக்காய் மாவட்டத்தில், ஏரிக்கரையிலுள்ள கசென்செரோ என்னும் மீன்பிடி ஊரில் ஆட்கள் விளங்காத நோயால் இறக்கத் தொடங்கினார்கள். வயிற்றுப்போக்கு நிற்காது, காய்ச்சல் விடாது, உடம்பு எலும்பும் தோலுமாய் உருகிப்போகும். மெலிவு என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லைத் தம் மொழிக்கேற்பத் திரித்து, மக்கள் அந்நோய்க்குச் சிலிமு என்று பெயரிட்டார்கள். சூனியம் என்றார்கள் சிலர். எல்லை கடந்து வியாபாரம் செய்தோர் ஏமாற்றியவர்களின் சாபம் என்றார்கள் வேறு சிலர். 1985-ல் உகாண்டா மருத்துவர்களும் பிற நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து ஆராய்ந்து, இது எய்ட்ஸ் நோயே என்று உலகுக்கு அறிவித்தார்கள்.

நாம் அவர்களைத் தூரத்து மக்களாக எண்ணிவிட வேண்டாம். அடுத்த ஆண்டே, 1986-ல், நம் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் அம்மையாரும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முறையாக இக்கிருமியைக் கண்டறிந்தார்கள். ஒரே நோய், ஏறக்குறைய ஒரே காலத்தில் இரு கரைகளிலும் தெரிய வந்தது.

1990-களின் தொடக்கத்தில் உகாண்டாவின் சில நகர மருத்துவமனைகளுக்கு வந்த கர்ப்பிணிப் பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பேருக்குக் கிருமி இருந்தது. சாவு வீட்டுக்கு வீடு நடந்தது. வாரத்தில் இரண்டு மூன்று அடக்கங்கள் என்றானபோது, தோட்ட வேலையை நிறுத்திவிட்டுத் துக்கம் காத்தால் ஊரே பட்டினி கிடக்க வேண்டியிருந்தது. ஆகவே பெரியவர்களே கூடி, துக்க நாட்களைக் குறைத்துக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கத்தைத் தங்கள் கையாலேயே சுருக்க நேர்ந்தது அவர்களுக்கு எத்தனை வேதனையாக இருந்திருக்கும் என்பதை நம் ஊர்ப் பெரியவர்கள் உணர்வார்கள்.

ஒரு வீட்டின் நிலை

அந்நாட்களில் ஒரு வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதைச் சற்றுப் பார்ப்போம். பெயர் சொல்லக்கூடிய குறிப்பிட்ட ஒரு குடும்பத்தைப் பற்றி நாம் எழுதவில்லை. அம்மாவட்டங்களில் எண்ணற்ற வீடுகளில் நடந்ததை ஒரே வீடாகச் சேர்த்துச் சொல்லுகிறோம்.

முதலில் தகப்பன் படுக்கிறான். வைத்தியத்துக்காகக் கோழி விற்கப்படுகிறது, பிறகு ஆடு, பிறகு வீட்டுக் கூரையிலிருந்த தகரம். மனைவி நோயாளியின் பக்கத்திலேயே இருக்க வேண்டியிருப்பதால் தோட்டத்தில் களை மண்டுகிறது. வாழைக்குப் பாடுபட ஆளில்லாமல், அதிகம் உழைப்புக் கேட்காத மரவள்ளியை நட்டுவிடுகிறார்கள். மூத்த பெண் பள்ளியை விட்டு நின்றுவிடுகிறாள். தகப்பன் இறந்ததும் அவன் சுற்றத்தார் சிலர் நிலத்துக்கு உரிமை பேசி வருகிறார்கள். ஓராண்டு, ஈராண்டில் தாயும் படுக்கிறாள். பன்னிரண்டு வயதுப் பெண் தாய்க்குக் கஞ்சி வைத்து, துணி அலசி, தம்பி தங்கையரையும் பார்க்கிறாள். தாயும் போனபின் பாட்டி வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறாள். அந்தப் பாட்டியோ ஏற்கெனவே வேறொரு மகனை அடக்கம் செய்தவள். அவன் பிள்ளைகளும் அங்கேதான் இருக்கிறார்கள்.

இவ்விதம் தாயோ தகப்பனோ இருவருமோ இன்றித் தவித்த பிள்ளைகள் உகாண்டா முழுவதிலும் பத்து லட்சத்துக்கும் மேல். இத்தனை பேருக்கு அநாதை இல்லம் கட்ட எந்த அரசாலும் ஆகாது. அவர்களில் மிகப் பெரும்பாலோரை வளர்த்தவர்கள் உறவினர்களே. அதிலும் ஜாஜ்ஜா என்று அம்மக்கள் அழைக்கும் பாட்டிமார்களே. இந்த வரலாற்றின் முதல் வீரர்கள் அவர்கள்தாம். வயதான காலத்தில் பிள்ளைகள் தாங்குவார்கள் என்று இருந்தவர்கள், மண்வெட்டியைத் திரும்பக் கையில் எடுத்தார்கள்.

வீடு தேடி வந்தவர்கள்

நோயாளிகள் மருத்துவமனைக் கட்டில்களை நிறைத்தார்கள். நோயைத் தீர்க்கும் மருந்தோ அப்போது இல்லை. என்ன செய்வது? 1987-ம் ஆண்டு மூன்று இடங்களில் மூன்று பெண்கள் ஒரே விடையைக் கண்டார்கள். கம்பாலாவில் நசம்பியா மருத்துவமனையில் பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த மருத்துவர் மிரியம் டுக்கன் சகோதரியும், மசாக்காவில் கிட்டோவு மருத்துவமனையில் மரியாயின் மருத்துவ மறைபரப்புச் சபையைச் சேர்ந்த உர்சுலா ஷார்ப் சகோதரியும், நோயாளிகளின் வீடுகளுக்கே செல்லும் பணியைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் நொரீன் கலீபா என்னும் அம்மையார் தம் கணவரை இந்நோய்க்குப் பறிகொடுத்தார். கணவருடைய நோய்க் காலத்தில் மற்றவர்கள் ஒதுங்கிப்போனதைக் கண்டு துடித்த அவர், தம்மைப் போன்ற சிலரைச் சேர்த்துக்கொண்டு டாசோ என்னும் துணைச் சங்கத்தை நிறுவினார். தொடங்கியவர்களில் பலர் தாங்களே நோயாளிகள்.

கிட்டோவு குழுவினரின் பணி எளிமையானது. குறித்த நாளில் வண்டி கிராமத்துக்கு வரும். முன்கூட்டியே அந்தந்த ஊரிலிருந்து தேர்ந்து பயிற்சி கொடுக்கப்பட்ட தொண்டர்கள், எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று சொல்லி அழைத்துப் போவார்கள். வலிக்கு மாத்திரை, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர், புண்ணுக்குக் கட்டு, வீட்டாருக்கு நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும் முறை, பிறகு சற்று நேரம் பேச்சு, விரும்பினால் செபம். வண்டி போன பின்னும் தொண்டர் அங்கேயே இருப்பார். அவர் அடுத்த தோட்டத்துக்காரர்தானே! நோயாளி இறந்தால் அவரே குழி வெட்ட வருவார். இறந்த பின் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று பார்ப்பவரும் அவரே. பிற்பாடு, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளுக்குப் பயிர்த் தொழில் கற்றுக்கொடுக்கும் நடமாடும் பண்ணைப் பள்ளிகளையும் கிட்டோவு நடத்தியது. தந்தை கற்றுத்தர வேண்டிய தொழிலைக் கற்றுத்தரத் தந்தை இல்லை என்பதைக் கண்டுகொண்டார்கள்.

1993-ல் மருத்துவர் ஆன் மெரிமன் அம்மையார் கம்பாலாவில் இறுதிநிலை நோயாளிகளுக்கான இல்லப் பணியைத் தொடங்கினார். மார்பின் தூளைத் தண்ணீரில் கரைத்து, புட்டியில் ஊற்றி, வீட்டிலேயே வாய்வழி கொடுக்கும் மலிவான முறை அதன் மூலம் பரவியது. சாவைத் தடுக்க இயலாவிட்டாலும் கதறலைத் தடுக்கலாம் என்றாயிற்று. அதே பத்தாண்டில், நோயுற்ற தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்காக நினைவுப் புத்தகம் எழுதும் வழக்கமும் அங்கே தொடங்கியது. உன் தாத்தா யார், நீ பிறந்த அன்று மழை பெய்ததா, எந்த நிலம் உன்னுடையது, நான் ஏன் நோயுற்றேன் என்றெல்லாம் ஒரு தாய் தன் கைப்பட எழுதி வைப்பாள். எழுதத் தெரியாதவளுக்கு அயலாள் எழுதித் தருவாள். அந்தப் புத்தகத்தை எழுதும் சாக்கில்தான் பல தாய்மார் முதன்முறையாகப் பிள்ளைகளிடம் தம் சாவைப் பற்றிப் பேசினார்கள்.

குறைகளும் உண்டு

இவற்றைப் படித்துவிட்டு, அங்கே எல்லாரும் புனிதர்கள் என்று எண்ண வேண்டாம். வரலாற்றை எழுதுகிறவர் குறைகளையும் எழுத வேண்டும். நோயாளி வீட்டில் தண்ணீர் குடிக்க அஞ்சியோர் பலர். இது கடவுள் தந்த தண்டனை என்று பேசியோர் ஆலய வட்டாரங்களிலும் இருந்தார்கள். 1989-ல் ஃபில்லி லுத்தாயா என்னும் புகழ்பெற்ற பாடகர் தமக்கு இந்நோய் உண்டென்று நாடறியச் சொன்னார். நம்பாதவர்களும் ஏசியவர்களும் இருந்தாலும், பள்ளிகளிலும் ஆலயங்களிலும் பேசிவிட்டு அவ்வாண்டு இறுதியிலேயே இறந்தார். அதன் பிறகே பலர் வாய் திறந்தார்கள். முன்னோ முகாபி சங்கங்களுக்கும் ஒரு குறை இருந்தது. சந்தா கொடுக்க வசதியற்ற பரம ஏழை அவற்றில் சேர முடியாது. உதவி மிகவும் தேவைப்பட்டவன் நோட்டுப் புத்தகத்துக்கு வெளியே நின்றான். நாம் மறக்கக்கூடாத குறை இது.

மருந்தும் பணமும்

அயலாரின் அன்பு மட்டும் போதுமா? போதாது. அன்பினால் நோய் தீரவில்லை. 1996 அளவில் மேல்நாடுகளில் உயிர்காக்கும் கூட்டு மருந்து வந்தது. ஆனால் ஓர் ஆளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விலை. 2001 பிப்ரவரியில் நம் நாட்டின் சிப்லா நிறுவனம் அதே மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. 2003-ல் அமெரிக்க அரசு பெருந்தொகை ஒதுக்கியது. 2004 முதல் உகாண்டா அரசு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியது. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து தோட்டத்துக்குப் போனார்கள். அடக்கங்கள் குறைந்தன. பள்ளிக் கட்டணமும் அப்படியே. 1997-ல் அரசு தொடக்கக் கல்வியை இலவசமாக்கியதும், ஒரே ஆண்டில் மாணவர் தொகை சுமார் 30 லட்சத்திலிருந்து 50 லட்சத்துக்கு மேல் உயர்ந்தது. அவர்களில் எத்தனையோ பேர் பாட்டி வீட்டுப் பிள்ளைகள். ஆகவே, அரசும் மருந்தும் பணமும் செய்ய வேண்டியதை அயலார் செய்துவிட முடியாது.

ஆனால் அந்த மருந்து நோயாளியின் கைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? ஜின்ஜா என்னும் நகரைச் சுற்றி 2005-ல் டாசோ சங்கத்தார் மருத்துவ ஆய்வாளரோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினர் மருத்துவமனைக்கு மாதந்தோறும் வந்து மருந்து பெற்றார்கள். மற்றப் பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து நலம் விசாரித்து வந்தார்கள். 2009-ல் வெளியான முடிவின்படி, வீட்டில் பெற்றவர்கள் மருத்துவமனைக்கு வந்தவர்களைவிட எவ்விதத்திலும் குறைவுபடவில்லை. வழிச் செலவும் அவர்களுக்கு மிச்சம். மருத்துவரல்லாத ஒருவர் மாதந்தோறும் தவறாமல் ஒரு வீட்டின் கதவைத் தட்டுவது எத்தகைய மருத்துவம் என்பதற்கு இது சான்று.

தூரத்திலிருந்து வரும் பணம் ஒரு நாள் நிற்கவும் கூடும். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது, உகாண்டாவில் பல பணியாளர்கள் வேலை இழந்தார்கள், நோயாளிகள் கலங்கினார்கள். அத்தகைய நாட்களில் கதவைத் தட்ட மீந்திருப்பவர் அடுத்த தோட்டத்துக்காரரே.

ஆறாவது படி

நம் அன்பியங்களுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உள்ள தொடர்பை இனிச் சொல்லலாம். 1973-லும் 1976-லும் கிழக்கு ஆப்பிரிக்க ஆயர்கள் கூடி, பங்கு என்பது பெரிய ஆலயக் கூட்டமாக மட்டும் இராமல், பக்கத்துப் பக்கத்து வீட்டார் சேர்ந்த சிறு கிறிஸ்தவ சமூகங்களின் குடும்பமாக அமைய வேண்டுமென்று தீர்மானித்தார்கள். எய்ட்ஸ் வந்தபோது இச்சமூகங்களில் பல, நோயாளி வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கும் குழுக்களாயின. இதே காலத்தில் தென்னாப்பிரிக்காவில் லும்கோ என்னும் நிலையத்தில் லோபிங்கர், ஹிர்மர் என்னும் இரு ஜெர்மானியக் குருக்கள், எழுத்தறிவு குறைந்த ஏழைகளும் நடத்தக்கூடிய ஏழு படி நற்செய்திப் பகிர்வை உருவாக்கினார்கள். அம்முறை 1990-களில் ஆசிய ஆயர்கள் வழியாக நம் தமிழகத்துக்கும் வந்தது. நாம் குருமாணவராயிருந்த நாட்களில் அதைப் புதுமையாகக் கற்றோம். இன்று நம் பங்கில் குழந்தைகளுக்கும் அது தெரியும்.

ஏழு படிகளையும் எண்ணிப் பாருங்கள். ஆண்டவரை அழைக்கிறோம், வாசிக்கிறோம், சொற்களைச் சுவைக்கிறோம், மௌனம் காக்கிறோம், பகிர்ந்துகொள்கிறோம். ஆறாவது படியில், இந்த வாரம் நாம் சேர்ந்து செய்யவேண்டிய பணி எது என்று பேசி முடிவெடுக்க வேண்டும். ஏழாவது, செபம். நம் அன்பியக் கூட்டங்களில் நாம் அமர்ந்திருக்கும்போது பல முறை கண்டது என்ன? ஐந்தாம் படி முடிந்ததும் யாரோ கடிகாரத்தைப் பார்ப்பார். நேரே ஏழாவது படிக்குத் தாவி, தேநீரோடு கலைந்துவிடுவோம். லும்கோ குருக்கள் எதற்காக இம்முறையைச் செய்தார்களோ, அந்தப் படியை நாம் விட்டுவிடுகிறோம்.

நம் குறை

இப்போது நாம் சொல்லுவதாக வாக்களித்த குறை. சில ஆண்டுகளுக்கு முன், நாம் பங்குப் பொறுப்பிலிருந்த ஊரில், கூலி வேலை செய்து குடும்பத்தைக் காத்த ஒருவர் திடீரென இறந்துபோனார். அடக்கப் பூசையில் ஆலயம் நிறைந்திருந்தது. மறையுரையை நன்றாகச் சொன்னோம் என்று பலரும் பாராட்டினார்கள். வின்சென்ட் தே பவுல் சபையினர் அரிசி மூட்டை கொடுத்தார்கள். முப்பதாம் நாள் பூசையும் சிறப்பாக நடந்தது. அதோடு நாம் மறந்தோம். பதினோராம் மாதம் உறுதிபூசுதலுக்குப் பெயர் எழுதும்போதுதான் அவ்வீட்டு மூத்த பையன் பெயர் இல்லாததைக் கண்டோம். விசாரித்தால், பள்ளியை விட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய் ஆறு மாதமாயிற்று என்றார்கள். அன்று மாலையே அவ்வீட்டுக்குப் போனோம். அந்த அம்மாள் நம்மைக் கடிந்து ஒன்றும் சொல்லவில்லை. “சாமி, முப்பதாம் நாள் வரைக்கும் வீடு நெறைய ஆளுங்க. அதுக்கப்புறம் யார்கிட்ட போய்க் கேக்கறதுன்னு தெரியலைங்க” என்றார்கள். விதவை உதவித் தொகைக்கு மனு எழுதவும், வாரிசுச் சான்றிதழ் வாங்கவும் உடன்போக ஆளில்லாமல் அவர்கள் இருந்தார்கள். பையனைத் திரும்ப அழைத்துவர முயன்றோம். அவன் வரவில்லை. சம்பாதிக்கப் பழகியவன் சின்னப் பிள்ளைகளோடு மறுபடி பெஞ்சில் உட்கார நாணினான்.

மசாக்கா வரலாற்றைப் பிற்பாடு படித்தபோது அந்த அம்மாளின் சொல் நம் காதில் மறுபடி ஒலித்தது. அந்தக் கிராமத்துத் தொண்டர் செய்த வேலையைச் செய்ய, நம் பங்கில் ஒருவரையும் நாம் நியமித்திருக்கவில்லை. பரம ஏழை அங்கே நோட்டுக்கு வெளியே நின்றதுபோல, இங்கே அவர்கள் முப்பதாம் நாளுக்கு வெளியே நின்றார்கள். நல்ல சமாரியன் உவமையிலும் இதுவே பாடம். காயத்தைக் கட்டிச் சத்திரத்தில் சேர்த்ததோடு அவன் கடமை முடிந்ததாக எண்ணவில்லை. சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, திரும்பி வரும்போது மீதியையும் தருவதாக வாக்களித்துப் போனான். அவன் திரும்பி வருவான் என்பதும் உதவியில் சேர்ந்ததே.

பொன்விழாவுக்கு ஒரு வேண்டுகோள்

பழைய ஏற்பாட்டில் ஐம்பதாம் ஆண்டு ஜூபிலி ஆண்டு. இழந்தவன் தன் நிலத்துக்கும் வீட்டுக்கும் திரும்பும் ஆண்டு அது. நம் பொன்விழாவில் ஆலயத்துக்கு வர்ணம் பூசியாயிற்று. இனி ஒவ்வொரு அன்பியமும் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். தன் எல்லையில் நெடுநாள் நோயாளி உள்ள வீட்டையும், சாவு நேர்ந்த வீட்டையும் அதில் எழுதட்டும். கத்தோலிக்கர் வீடா, பிற சபையார் வீடா, இந்து இஸ்லாமியர் வீடா என்று பிரிக்க வேண்டாம். என்ன நோய் என்றும் கேட்க வேண்டாம். நோய்க்காலத்தில் வீட்டாருக்கு ஓர் இரவு தூங்க இடம் கொடுத்து நோயாளியருகே அமர ஒருவர். சாவுக்குப் பின் தாலுகா அலுவலகத்துக்கு உடன்போக ஒருவர். ஜூன் மாதம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று பார்க்க ஒருவர். பன்னிரண்டு மாதமும், மாதம் ஒரு தடவை, கையில் ஒன்றுமில்லாவிட்டாலும் அந்த வீட்டு வாசலுக்குப் போக ஒருவர். சந்தா கேட்க வேண்டாம். ஆறாவது படியில் அந்த நோட்டை எடுத்துப் படித்தால் போதும்.

நாமும் ஒரு நோட்டு வாங்கிவிட்டோம். அதன் முதல் பக்கத்தில் அந்த அம்மாளின் வீட்டைத்தான் எழுதியிருக்கிறோம். மாற்றலாகி வந்த பின்னும் மாதம் ஒரு முறை பேருந்தேறிப் போய் வருகிறோம். இரண்டாவது பெண் பத்தாம் வகுப்பு எழுதப் போகிறாள்.

மசாக்கா மண்ணில் மரவுரி போர்த்து உறங்கும் விசுவாசிகளையும், நம் கல்லறைத் தோட்டத்தில் உறங்கும் நம் முன்னோரையும் இப்பொன்விழாப் பூசையில் சேர்த்து நினைவுகூருவோம். அவர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகளைக் காக்கும் வரத்தை இறைவன் நம் பங்குக்கு அருள்வாராக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் பங்குத் தந்தை